டேல், மார்கஸ், நீ

கவின்,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். போன அக்டோபரில் நம் ஊர் ஹைஸ்கூல் ஃபுட்பால் டீமில் எல்லாக் காலத்துக்கும் சிறந்த டைட் எண்ட் யார் என்று ஊர்க்காரர்களிடம் ஓட்டுக் கேட்டார்களே, அதில் நான் உனக்குப் போடவில்லை. முடிவு வந்த அன்று நீ போனில் சிரித்துக்கொண்டே, "அட்லீஸ்ட் யூ வோட்டட் ஃபார் மீ, ரைட் அம்மா?" என்று கேட்டாய். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீ ப்ரோ டீமின் கேம்ப்புக்குக் கிளம்புகிறாய். கிளம்புவதற்குள் ஏன் போடவில்லை என்று உனக்குத் தெரிந்தாக வேண்டும். நேரில் ஆரம்பித்தால் பாதியில் என் குரல் உடையும். நீ தோளில் கை போட்டு "இட்ஸ் ஓகே" என்பாய். பேச்சு அதோடு முடிந்துபோகும். அதனால் எழுதுகிறேன். வீக்எண்ட் தமிழ்ப் பள்ளியில் கற்ற எழுத்தை வைத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே படி. இங்கிலீஷில் எழுதினால் ஜிம்மில் இரண்டு செட்டுக்கு நடுவில் படித்து முடித்து ஒரு தம்ஸ் அப் போட்டுவிடுவாய்.

எனக்கு இந்த அமெரிக்க ஃபுட்பால் ரசித்துப் பழகியதில்லை, பயந்து பழகியது. ஒன்பதாம் கிளாஸில் உன் உயரத்தைப் பார்த்து கோச் கூப்பிட்டபோது அப்பா குதித்தார். "டென்னிஸ் இருக்கு, ட்ராக் இருக்கு, இவனுக்குப் போய் முட்டிக்கிற வேலைதான் கெடச்சுதா?" என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் சரி என்றேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் உன் ஆட்டம்தான். நவராத்திரி வெள்ளிக்கிழமைகளில் மற்ற ஆன்ட்டிகள் கொலுவுக்குப் போக, நான் பட்டுப்புடவையோடு ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருப்பேன். எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். நான் உன்னைப் பார்ப்பேன். ஒவ்வொரு முறை குவியலாக எல்லோரும் விழும்போதும், அந்தக் குவியல் பிரிந்து உன் நம்பர் எழுந்து நிற்கும்வரை நான் மூச்சு விட்டதில்லை. ஆபீஸில் சாஃப்ட்வேர் டெஸ்ட் பண்ணும் வேலை எனக்கு. எது எங்கே உடையும் என்று பார்த்தே பழகிய கண். அந்தக் கண்ணோடு நான்கு சீசன் உன்னையே பார்த்ததில், டைட் எண்ட் என்றால் என்ன என்று ஸ்டேடியத்தில் இருந்த பல அப்பாக்களைவிட எனக்கு நன்றாகப் புரிந்துபோனது. உன் அப்பாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இப்படி: "ப்ளேயர்ஸ் வரிசையா நிக்கறாங்க இல்ல, அதுல ஓரத்துல நிக்கறவன். பாதி நேரம் அவன் சுவரு, எதிராளிய முட்டித் தடுக்கணும். மீதி நேரம் ஓடிப்போய் பந்தப் புடிக்கணும். ரெண்டு வேலை. ரெண்டுக்கும் அடி விழும்." அப்பா, "அப்ப அடி வாங்கறதுதான் அவனோட மெயின் வேலையா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓட்டுக்கு முன்னால் ஊர் ஃபேஸ்புக் பக்கத்தில் நடந்த சண்டையை நீ பாதிதான் பார்த்திருப்பாய். போட்டியில் மூன்று பேர்: இந்த இடமெல்லாம் மாட்டுப் பண்ணையாக இருந்த காலத்தில் ஆடிய டேல், நாங்கள் கிரீன் கார்டுக்குக் காத்திருந்த வருடங்களில் ஆடிய மார்கஸ், அப்புறம் நீ. பிடித்த பந்துகளை எண்ணினால் மார்கஸை யாரும் நெருங்க முடியாது. ஆனால் டேல் காலத்தில் பந்தை எறியவே மாட்டார்கள், தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அவரைப் போய் கேட்ச் கணக்கில் அளக்கலாமா என்று பெரியவர்கள் கேட்டார்கள். அன்றைய பையன்கள் இன்றைய பையன்களில் பாதி எடைகூட இருக்கமாட்டார்கள், கவின் இடித்துத் தள்ளியவர்களை டேல் இடித்திருக்க முடியுமா என்று உன் வயதுக்காரர்கள் திருப்பிக் கேட்டார்கள். டீமுக்குப் பணம் திரட்டும் பூஸ்டர் கிளப்காரர்கள் பழைய ஃபிலிம்களையெல்லாம் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். நான் வேலை முடிந்ததும் லேப்டாப்பில் அவற்றைப் பார்க்க ஆரம்பித்தேன். முதலில் நீதான் உசத்தி என்று நிரூபிக்கத்தான் பார்த்தேன்.

டேலின் ஃபிலிமில் சத்தம் கிடையாது, கறுப்பு வெள்ளை. அவர் பயங்கரமான ஆள்டா. அவர் நின்ற பக்கம் வழி திறந்தே இருக்கும். ஆனால் அவர் தலையைக் கொடுத்து இடிப்பார். அப்போது அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்களாம். ஹெல்மெட்டின் நெற்றிதான் முதலில் போய்ப் படும். அப்புறம் எழுந்து தலையை ஒரு உதறு உதறுவார், ஈரம் போக நாய் உதறுவதுபோல. மார்கஸ் வேறு ரகம். பந்து கைக்கு வந்ததும் தோளை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வான். அடி அவன் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அவன் விழுவதே பார்க்க அழகு. தண்ணீரில் இறங்குகிறவன்போல விழுவான். உன் வீடியோக்களை அவர்கள் இருவருடையதுக்கும் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். முதல் பாதி ஆட்டத்தில் நீ மார்கஸ். தலை நிமிர்ந்திருக்கும், கைகள் முன்னால் வரும். பிற்பாதியில் களைத்துவிட்டால், கடைசி நொடியில் உன் தலை குனிகிறது. குனிந்து போய்ப் படுகிறது. ஒன்றிரண்டு ஆட்டத்தில் இல்லை, எல்லா வருடமும் அப்படித்தான். அந்த நொடியை நிறுத்தி டேலின் படத்தோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆள். லேப்டாப்பை மூடிவிட்டேன். நீதான் உசத்தி என்று நிரூபிக்க உட்கார்ந்தவள், உன்னை வேறு யாருக்குள்ளோ கண்டுவிட்ட மாதிரி இருந்தது.

உன் காலேஜ் மூன்றாம் வருடத்து ஆட்டத்தைப் பற்றி நாம் பேசியதே இல்லை. உனக்கு அந்த மத்தியானம் ஞாபகம் இல்லை என்றாய், நானும் விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன். நீ விழுந்தாய், குவியல் பிரிந்தது, நீ எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்தாய், எதிர் டீமின் பக்கம் நடந்தாய். உன்னைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்கள். டாக்டர் எங்களை அந்த அறைக்குள் விட்டபோது நீ பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது. "அம்மா, ஸ்கூல் விட்டாச்சா? வீட்டுக்குப் போலாமா?" என்றாய். தமிழில். நான் பதில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், அதே குரலில், "வீட்டுக்குப் போலாமா அம்மா?" நீ ஸ்கூல் போய்ப் பழகிய நாளிலிருந்து நான் தமிழில் கேட்பேன், நீ இங்கிலீஷில் பதில் சொல்வாய். என் பிள்ளை என்னிடம் ஒரு வாக்கியம் தமிழில் பேசமாட்டானா என்று நான் ஏங்கியது உனக்குத் தெரியாது. அன்றைக்குப் பேசினாய். கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். சாயங்காலம் ஆனபோது நீ கண்ணைச் சுருக்கி, "ஐ ஆம் குட், அம்மா. ஸ்டாப் ஸ்டேரிங்," என்றாய். அந்த இங்கிலீஷைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவர்கள் உன்னை ஒழுங்காகத்தான் பார்த்துக்கொண்டார்கள், வாரக்கணக்கில் ஆடவிடவில்லை, எல்லா டெஸ்டும் எடுத்தார்கள். பிறகு நீ திரும்ப ஆடப் போனாய். நான் திரும்ப ஸ்டேடியத்துக்கு வந்தேன்.

பழைய மாணவர்களைக் கூப்பிடும் ஹோம்கமிங் ஆட்டத்தன்று உங்கள் மூன்று பேரையும் இடைவேளையில் மைதானத்துக்கு நடுவில் நிறுத்தி மரியாதை செய்தார்களே, அன்று பார்க்கிங் லாட்டில் கிரில் போட்டு எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் நான் மார்கஸோடு பேசினேன். இப்போது ஏசி ரிப்பேர் கம்பெனி வைத்திருக்கிறான். காலேஜில் ஸ்காலர்ஷிப்போடு ஆடிக்கொண்டிருந்தவன் ஏன் நடுவில் விட்டுவிட்டான் என்பது இந்த ஊரில் இன்னும் ஓயாத பேச்சு. நான் நேராகவே கேட்டுவிட்டேன். அவன் கோபப்படவில்லை. (அவர்கள் இங்கிலீஷில் சொன்னதையெல்லாம் நம் தமிழிலேயே எழுதுகிறேன்.) "ப்ராக்டிஸ்ல ஒரு அடி, மேடம். எழுந்து நின்னேன். பந்து வந்துச்சு, ரெண்டா வந்துச்சு. நான் தப்பான பந்தப் புடிச்சேன். கை வெறுமனே மூடிக்கிச்சு," என்று இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மூடிக் காட்டினான். "அன்னிக்கே ஹெல்மெட்டக் கோச் கையில குடுத்துட்டேன். என்னைப் பயந்தாங்கொள்ளின்னாங்க. ஆமா, பயந்துதான் போனேன்." அவனுடைய மகள் வந்து தட்டிலிருந்த சோளக்கதிரை எடுத்துக்கொண்டு போனாள். அவன் அவளை ஏதோ செல்லப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்தான்.

ஸ்டேடியத்துக்குள் எனக்குப் பக்கத்து இருக்கை லிண்டா ஆன்ட்டிக்கு. டேலின் மனைவி என்று அறிமுகம் செய்துகொண்டார். டேல் எனக்குக் கை கொடுத்து, அவர் ஆடிய ஒரு ப்ளேஆஃப் ஆட்டத்தை மண்ணின் ஈரம் முதற்கொண்டு சொன்னார். முடித்துவிட்டு, "நீங்க யாருன்னு சொல்லலயே?" என்றார். சொன்னேன். சற்று நேரத்தில் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். லிண்டா ஆன்ட்டி என் முழங்கையைத் தொட்டார், அவ்வளவுதான்.

இடைவேளையில் நீங்கள் மூவரும் நடந்து போனீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பேண்டு வாசித்தது, டிரம் அதிர்ந்தது. அப்போது டேல் திடீரென்று குனிந்தார். ஒரு கையைப் புல்லில் ஊன்றி, இன்னொரு கையைத் தொடையில் வைத்து, தலையைத் தாழ்த்தி, ஆட்டத்தை ஆரம்பிக்கப் போகிறவர்போல உட்கார்ந்துவிட்டார். ஜனங்கள் வேடிக்கை என்று நினைத்துக் கத்தினார்கள். லிண்டா ஆன்ட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார், நகம் பதிந்தது. "அவர் நிஜம்னு நெனச்சிட்டாரு," என்றார். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்தினார். டேல் எழவில்லை. அப்போது நீ என்ன செய்தாய் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். நீ மெதுவாக அவர் பக்கத்தில் போய், அதேபோலக் கையைப் புல்லில் ஊன்றிக் குனிந்தாய். அவரிடம் ஏதோ சொன்னாய். இந்தப் பக்கம் மார்கஸும் குனிந்தான். ஜனங்கள் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். முன்னேற்பாடு என்று எல்லோரும் நம்பினார்கள். பிறகு நீ எழுந்து கை நீட்டினாய், அவர் அதைப் பிடித்து எழுந்து சிரித்தார். அப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு அந்த நிமிஷம் எனக்கு நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். நிறைந்தது. ஆனால் அதற்கு முன்னால், நீங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்திருந்தபோது, இரண்டு முதுகும் ஒரே வளைவு, இரண்டு தலையும் ஒரே தாழ்வு.

அடுத்த வாரம் ஓட்டு. உன் படத்தின் மேல் என் விரல் இருந்தது. மார்கஸின் படத்தைத் தட்டினேன். மூன்று பேரில் யார் அதிகம் பந்து பிடித்தது, யார் அதிகம் தடுத்தது என்று ஊர் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று பேரில் அவன் ஒருவன்தான் நிறுத்தினான்.

மார்ச்சில் லிண்டா ஆன்ட்டி கூப்பிட்டார் என்று உன்னை அவர்கள் வீட்டுக்கு அழைத்துப் போனது நானாகச் செய்த ஏற்பாடு இல்லை. அவர்தான் கேட்டார், "உன் பையன் வந்தா இவர் நல்லா பேசுவார்," என்று. நீயும் டேலும் கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். நான் கிச்சன் வாசலில் நின்றேன், எல்லாம் காதில் விழுந்தது. நீ அவரைச் சந்தோஷப்படுத்தத்தான் கேட்டாய்: இந்த ஸ்கூலில் ஆடினவர்களிலேயே பெஸ்ட் டைட் எண்ட் யார் சார் என்று. அவர் தாடையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு சொன்னார்: "ஒருத்தன் இருந்தான் தம்பி. எங்க காலத்துப் பையன். பேரு வரமாட்டேங்குது. மழையில, சேத்துல, ப்ளேஆஃப் மேட்ச். ஒத்தக் கையில புடிச்சான். அவன மாதிரி நான் பாத்ததில்ல." அவர் ஸ்டேடியத்தில் எனக்குச் சொன்ன அதே ஆட்டம், அவருடைய சொந்த கேட்ச். "அந்தப் பையன் இப்ப எங்க இருக்கானோ," என்றார். "நல்லா இருந்தா சரி." என் பின்னால் லிண்டா ஆன்ட்டி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, கை நின்றுவிட்டது. "இந்த மறதி ஃபுட்பாலாலதான்னு டாக்டருங்க உறுதியா சொல்ல மாட்டாங்க. ஆள் போனப்புறம் மூளைய எடுத்துப் பாத்தாத்தான் உறுதியா தெரியுமாம்," என்றார். குழாயை மூடிவிட்டு, "கல்யாணமான புதுசுல எனக்குப் பயமா இருக்கும். ஆடாதேன்னு கேக்கணும்னு தோணும். கேட்டா கோபிச்சுக்குவாரோன்னு ஒரு நாளும் கேக்கல," என்றார்.

திரும்பும்போது ஃபிரீவேயில் ஏறுவதற்கு முன்னால் பெட்ரோல் பங்கில் காரை ஓரமாக நிறுத்தினாய். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, தட் டைம் வாஸ்ன்ட் தி ஒன்லி டைம்," என்றாய். நான், "எத்தன தடவ தலைல அடிபட்டுச்சு கண்ணா?" என்று கேட்டேன். "ஐ டோன்ட் நோ. நான் சொல்லல. சொன்னா உக்கார வெச்சுடுவாங்க." அதில் பாதியைத் தமிழில் சொன்னாய் என்பதை நீ கவனித்திருக்கமாட்டாய். நான் உன்னைத் திட்டவில்லை. திட்டுவதற்கு வேண்டிய தெம்புகூட எனக்கு அப்போது இல்லை. டாக்டரிடம் போகலாம் என்றேன், நீ மறுக்காமல் வந்தாய், அவரிடம் எதையும் மறைக்காமல் சொன்னாய். அதற்கு உனக்கு நன்றி. ஸ்கேன் எல்லாம் சுத்தம் என்று அவர் சொன்னபோது உன் தோள் இறங்கியது. நான் கேட்டது அடுத்த வாக்கியத்தை: "இன்னும் ஆடினால் என்ன ஆகும் என்று என்னால் சொல்ல முடியாது." நீ முதல் வாக்கியத்தோடு வீட்டுக்கு வந்தாய். நான் இரண்டாவதோடு வந்தேன்.

பிறகு அந்த ப்ரோ டீம் கூப்பிட்டது. காலேஜ் பையன்களைப் பொறுக்கி எடுக்கும் டிராஃப்டில் உன்னை எடுக்கவில்லை என்றாலும், கேம்ப்புக்கு வா, மூன்று நாள் பார்க்கிறோம் என்றார்கள். நீ போனில் கத்திய கத்தலை அப்பா ஸ்பீக்கரில் போட்டார். முட்டிக்கிற வேலை என்ற அதே மனிதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம்மைப் போன்ற ஒரு வீட்டிலிருந்து அந்த இடம்வரை ஒரு பையன் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதற்காக நீ பட்ட பாடு என்னைவிட யாருக்குத் தெரியும்? உனக்குத் தகுதியில்லாத எதையும் நீ கேட்கவில்லை. உனக்கு அது கிடைக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கிடைக்காது என்று தோன்றியிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். அங்கே உன்னைவிடப் பெரிய ஆட்கள், இன்னும் வேகமான ஆட்கள், அடி ஒவ்வொன்றும் இன்னும் கனம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிற்பாதி என்று ஒன்று இருக்கிறது, நீ களைப்பாய்.

லிண்டா ஆன்ட்டி கேட்காமல் விட்டதை நான் கேட்கிறேன். போகாதே, கவின். உன்னிடம் நான் இதுவரை சொல்லாத வார்த்தை இது. ஒன்பதாம் கிளாஸில் சொல்லவில்லை, அந்த அறையில் நீ வீட்டுக்குப் போகலாமா என்றபோதுகூடச் சொல்லவில்லை. போகாதே. நீ என் மேல் கோபப்பட்டால் படு, பல வருடம் பேசாமல் இருந்தாலும் இரு. உனக்கு எழுபது வயதாகும்போது நான் இருக்கமாட்டேன். அன்றைக்கு உன் பேர் உனக்குத் தெரிந்திருந்தால் போதும், என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை.

நீ வளர்ந்தவன், முடிவு உன்னுடையது. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வா. அப்பா மீன் வாங்கிவருகிறேன் என்கிறார். பதிலை மெசேஜில் அனுப்பாதே, எதிரில் உட்கார்ந்து சொல். போகிறேன் என்று சொன்னாலும் சாப்பாடு போடுவேன், ஞாயிற்றுக்கிழமை ஏர்போர்ட்டுக்கு நானே டிரைவ் பண்ணிக் கொண்டுவிடுவேன், வாசலோரம் கர்ப்சைடில் பெட்டியை இறக்கும்போது அழமாட்டேன். ஆனால் போகிறேன் என்பதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போ.

அம்மா